குட்டிமாவின் அளவுகள்

அந்த நாற்காலியில் இருக்கும் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள். கனமாக இருக்காது, துணிதான். கட்டிலில் இடமில்லை, பார்க்கிறீர்களே. வீட்டுக்கு ஆள் வருவது வழக்கமில்லை. அதனால் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. தண்ணீர் வேண்டாமா? சரி.

உங்கள் அக்காவைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். கூரியர் ஆபீஸில் இந்த வீட்டைக் காட்டினார்கள் என்றால் உங்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை நானே சொல்லிவிடுகிறேன். முழுதும் கேட்டுவிட்டுப் போங்கள். அரைகுறையாகக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

உங்கள் அக்காவை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். டீச்சர் என்னிடம் வந்தது போன வருடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடம் பாடம் எடுத்தவர், வேலையை விட்டுவிட்டு இணையத்தில் பிள்ளைகளுக்கான துணிக்கடை போடப்போவதாகச் சொன்னார். "கடைல வாங்குற ஃப்ராக் எந்தப் பிள்ளைக்கும் சரியா இருக்கறதில்ல தம்பி. தோள்ல தொங்கும், இல்லன்னா அக்குள்ல பிடிக்கும். நான் அளவு கேட்டு தைச்சுத் தரணும்" என்றார். நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் கடைக்கு ஷாப்பிங் கார்ட் மென்பொருள் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. வாங்க வருபவர் துணியைக் கூடையில் போட்டு, விலாசம் எழுதி, பணம் கட்டும் வரை எல்லாம் அதன் தலையில்தான். மூன்றைப் பார்த்தேன். முதலாவதில் அளவு எழுத இடமே இல்லை. சின்னது, நடுத்தரம், பெரியது, அவ்வளவுதான். இரண்டாவதில் இடம் உண்டு, ஆனால் கணக்கு திறந்து பாஸ்வேர்டு வைத்தால்தான் பணமே கட்ட முடியும். அதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மூன்றாவதில் தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று தனித்தனிப் பெட்டி இருந்தது. டீச்சருக்காகவே செய்தது போல.

அதில் ஒரே ஒரு குறை. கடை திறக்கும் முன் நாங்களே பொய்ப் பெயரில் ஓர் ஆர்டர் போட்டுப் பார்ப்போம். மற்ற இரண்டிலும் அதன் பக்கத்தில் 'சோதனை' என்று சிவப்பில் விழும். மூன்றாவதில் விழாது. நிஜ ஆர்டருக்கும் பொய் ஆர்டருக்கும் வித்தியாசமே தெரியாது. அதைக் குறை என்றுதான் என் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தாள் இருக்கிறது, காட்டுகிறேன். நான் நேர்மையாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சோதனைக்கு ஒரு மஞ்சள் ஃப்ராக். பிள்ளையின் பெயர் கேட்கும் இடத்தில் குட்டிமா என்று போட்டேன். வயது ஐந்து, தோள் பத்தரை இஞ்ச், மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் போன்.

"தம்பி, வந்துடுச்சுப்பா. முதல் ஆர்டர். மஞ்ச ஃப்ராக். யாரோ குட்டிமாவாம்."

டீச்சர் அழுதுகொண்டிருந்தார். அது நான் போட்டது டீச்சர், என்று சொல்லியிருக்க வேண்டும். சொல் நாக்கு நுனி வரை வந்தது. "நல்லதுங்க டீச்சர்" என்றுதான் வெளியே வந்தது. என் தொழிலில் ஏதாவது கெட்டுப்போனால்தான் எனக்குப் போன் வரும். சந்தோஷத்தைச் சொல்ல என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கே அந்த ஃப்ராக்குக்கு நான் பணம் கட்டினேன். விலாசத்துக்குக் கூரியர் ஆபீஸையே கொடுத்து, பார்சலை நேரில் போய் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. டீச்சரின் குரல் வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குட்டிமாவின் அம்மா பெயரில் இரண்டாவது ஆர்டர் போட்டேன், இன்னொரு பெயரில் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் போன் வந்தது. சாப்பிட்டியா தம்பி என்றும் கேட்பார்.

நிஜ வாடிக்கையாளர்களும் வரத்தான் செய்தார்கள். மூன்று பேர். அதில் ஒரு பெண் துணியைத் திருப்பி அனுப்பி, கண் தெரியாதவள் தைத்ததா என்று கேட்டு எழுதியிருந்தாள். கடைக்கு வரும் கடிதங்களும் திரும்பி வரும் பார்சல்களும் என் வழியாகத்தான் போகும். நான் அந்தக் கடிதத்தை அழித்தேன். டீச்சர் அதைப் படித்திருந்தால் அன்றோடு ஊசியைத் தொட்டிருக்க மாட்டார். அதன் பிறகு கடைக்கு ஒரு பூட்டுப் போட்டேன். அந்த மென்பொருளில் அதற்கும் வசதி உண்டு. கடைக்காரர் உள்ளே நுழைந்தால் எல்லாம் திறந்திருக்கும். வெளியாளுக்கு 'விரைவில் திறக்கிறோம்' என்று மட்டும் தெரியும். நீங்கள்கூட ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். உங்கள் போன் பழசு என்று சொன்னேன். நம்பினீர்கள்.

அந்த மூன்று பேரை விட்டால், பதினோரு மாதம் அந்தக் கடைக்கு நான் ஒருவன்தான் வாடிக்கையாளன். டீச்சருக்குக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட வந்ததில்லை.

குட்டிமாவுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை தோளில் கால் இஞ்ச் கூட்டுவேன், உயரத்தில் ஒரு இஞ்ச். பிள்ளை வளர வேண்டும் இல்லையா. "எப்பிடி வளந்துட்டா பாருப்பா, கண்ணு படப்போகுது" என்பார் டீச்சர். ஒருமுறை பார்சலுக்குள் அவளுக்கென்று மிச்சத் துணியில் ஒரு பொம்மை தைத்து வைத்திருந்தார். அலமாரி மேல் இருக்கிறதே, அதுதான். தொடாதீர்கள்.

இந்த வருட நடுவில் டீச்சரைப் பழைய பள்ளிக்கூடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போயிடலாமான்னு பாக்கறேன் தம்பி. ஆர்டரும் அப்படியொண்ணும் குவியல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போனால் கடையை மூடிவிடுவார். அப்புறம் என்னிடம் பேச அவருக்கு என்ன இருக்கிறது?

அன்று மாலை குட்டிமாவின் அம்மா பெரிய ஆர்டர் ஒன்று போட்டார். பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குப் பதினான்கு ஃப்ராக், பதினான்கு வேறு வேறு அளவு, பன்னிரண்டு நாளில் வேண்டும். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவ்வளவு சிரித்து அவரை நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் இடது கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பது போல இருக்கிறது என்றார். ஓரத்தில் திரை இறங்குவது போலவும் இருந்ததாம். கண் டாக்டர் உள்ளே விழித்திரை கிழிந்து பிரிகிறது, நாளைக்கே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். முடிந்ததும் இரண்டு வாரம் குப்புறப் படுக்க வேண்டும், மாதக்கணக்கில் ஊசி நூல் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, டீச்சர் அடுத்துச் செய்த போன் எனக்குத்தான் என்பது.

"தம்பி, அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளேன். தேதி தள்ளிப் போட முடியுமான்னு. முடியும்னா நாளைக்கே போயி படுத்துக்கறேன்."

கேட்கிறேன் என்றேன். யாரைக் கேட்பது? இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில், உடம்பைப் பாருங்கள், துணி மெதுவாக வரட்டும் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். எந்த வாடிக்கையாளர் அப்படி எழுதுவார்? பதினான்கு பிள்ளைகள் மேடையில் நிற்க வேண்டும், அதில் ஒரு பிள்ளையின் அம்மா பரவாயில்லை என்பாளா? டீச்சர் புத்திசாலி. சந்தேகம் வந்து நூலைப் பிடித்து இழுத்தால் முதல் மஞ்சள் ஃப்ராக் வரை எல்லாம் பிரிந்து வந்துவிடும். பதினோரு மாதச் சந்தோஷமும் பொய் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? அவருடைய கண்ணைப் பற்றியும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம்தானே என்று தோன்றியது. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் பயமுறுத்தித்தான் சொல்வார்கள்.

அழித்துவிட்டு வேறு எழுதினேன். மன்னிக்கவும், விழாத் தேதியை மாற்ற முடியாது, உங்களை நம்பித்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்று. மன்னிக்கவும் என்று போட்டிருந்தேன். நீங்களே படித்துப் பார்க்கலாம்.

டீச்சர் வாசித்துவிட்டு, "பாவம், அவங்களும் என்ன செய்வாங்க" என்றார். ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் தைத்தார். தினமும் எனக்குப் போன் செய்து எத்தனை முடிந்தது என்று சொல்வார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் எந்த நாளிலும் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு குதிக்க என் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் போனபோது விழித்திரை முழுதும் பிரிந்துவிட்டது, அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னாராம். இப்போது வலது கண்ணிலும் கொசு பறக்கிறது என்று நீங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. ஒரு வாரமாக டீச்சர் போன் செய்யவில்லை. நான்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கட்டிலில் இருப்பவைதான் அந்தப் பதினான்கு. கடைசி ஐந்தில் காஜா கோணல், பித்தான் எதுவும் அதற்கு நேராக இல்லை. ஒன்றில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியது. வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நான் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.