மூன்றாவது மரம்

மேடையில் அமர்ந்திருக்கும் அஞ்சலிக் குழுத் தலைவர் செந்தில்நாதன் அவர்களே, துணைவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் கனகாம்பிகை அக்கா அவர்களே, ஸ்காபரோவிலிருந்தும் பிறம்ரனிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

என் பெயர் மக்டலீன். ஒளிப்படக் கலைஞர் அமரர் வீரக்குட்டி அவர்களோடு ஒரே ஒளிப்படக் கழகத்தில் இருந்தவள். அழுதுகொண்டு பேசுவேன் என்றுதான் நினைத்து வந்தேன். மேடையேறித் திரும்பிப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும், கோபத்தோடேயே பேசப்போகிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பெரிய பனரைப் பாருங்கள். நீல வானம், நீல ஏரி, பச்சைக் கரை, இரண்டு மரம். அழகாகத்தான் இருக்கிறது. இது வீரக்குட்டி அண்ணையின் படமா? இல்லவே இல்லை!

கறுப்பு வெள்ளையைத் தவிர வேறொன்றும் எடுக்காத மனிதர் அவர். உச்சி வெயிலில் கமெராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் மாட்டார். நேர்மேலே வெயில் நின்றால் நிலமெல்லாம் தட்டையாகிவிடும் என்பார். சாய்ந்த வெளிச்சம் வேண்டும், அல்லது பனிப்புகார் வேண்டும். ஒருமுறை என்னை ஒஷாவா ஏரிக்கரைவரை கூட்டிப்போய், வானம் தெளிந்து கிடக்கிறது என்று ஒரு படமும் எடுக்காமல் திரும்பினார். வரும் வழியில் நான் அவரைத் திட்டியதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

இந்த ஏப்ரலில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நாமெல்லாம் பதாகை பிடித்துத் தெருவில் நின்றோம். அவரும் நின்றார். மறுநாள் காலையில் ஏரிக்கரைக்கும் போனார். அதற்கு அவரை என்னவெல்லாம் சொன்னீர்கள்? அங்கே சனம் சாகுது, இவர் இங்கே புகாரைப் படம் பிடிக்கிறார் என்றீர்கள். மட்டக்களப்பிலிருந்து கலியாணம் முடித்து வன்னிக்குப் போன அவருடைய தங்கை, அந்தக் குண்டுகளுக்கு நடுவில்தான் அகப்பட்டிருந்தாள். அதை யாராவது கேட்டீர்களா?

இந்தப் பனருக்கு மூலமான படம் அப்போது எடுத்ததுதான். புகாருக்குள் மூன்று மரங்கள். கரையில் நிற்பது கன்னங்கரேலென்று இருக்கும். அடுத்தது சாம்பல். அதற்கும் அப்பால் ஒன்று, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். கொஞ்சம் தெளிவாக எடுத்திருக்கக் கூடாதா என்று கழகத்தில் ஒருவர் கேட்டார். அண்ணை குரலை உயர்த்தவில்லை.

“தங்கச்சி இரிக்காளோ இல்லையோ எண்டு எனக்கே தெரியா. நான் என்னெண்டு தெளிவா எடுக்கிற? அந்த மூண்டாவது மரத்தப் பாருங்க. அது இரிக்கு.”

மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். யாருக்கு முடிந்தது? முகாம் முகாமாக ஃபோன் அடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு முடிந்ததா? தங்கையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. வராமலே அவருடைய இதயம் நின்றுபோனது.

தலைவர் அவர்களே, உங்கள் குழு நல்லெண்ணத்தில்தான் செய்தது, எனக்குத் தெரியும். அஞ்சலிப் படம் மங்கலாக இருக்கக்கூடாதென்று கணினியில் புகாரைத் துடைத்தீர்கள், நிறம் போட்டீர்கள். புகாரோடு சேர்ந்து என்ன போனது? திரும்பிப் பாருங்கள். மூன்றாவது மரம் எங்கே? அவர் அழியவிடாமல் காத்த மரத்தை அவருடைய அஞ்சலிக் கூட்டத்திலேயே அழித்துவிட்டோமே! இதே படம் நினைவு மலரின் அட்டைக்கும் போயிருக்கிறதாம்.

அந்த அட்டை அச்சாகாது. நாளைக்கு அச்சகத்தில் நானே போய் நிற்பேன். அண்ணையின் படங்கள் இனிக் கழகத்தின் பொறுப்பு, ஒன்றிலும் ஒரு பொட்டு நிறம் ஏறாது. அவர் அடித்த ஃபோன்களை இனி நாங்கள் அடிப்போம். தங்கையைப் பற்றிச் செய்தி வரும்வரை அடிப்போம்.

கனகாம்பிகை அக்காவின் மடியில் இருப்பது அண்ணை இருட்டறையில் தன் கையால் கழுவி எடுத்த அசல் படம். அக்கா, அதை அந்த யன்னலோரம் வையுங்கள். மண்டபப் பொறுப்பாளர் தயவுசெய்து மேலே எரியும் லைட்டுகளை நிறுத்தட்டும், யன்னல் வெளிச்சம் போதும். மௌன அஞ்சலியை அந்தப் படத்தின் முன்னால் செய்வோம். ஒவ்வொருவராக வாருங்கள். மூன்றாவது மரம் கண்ணில் படும்வரை யாரும் கதிரைக்குத் திரும்ப வேண்டாம்.