கோயில் மைக்கில் ஓர் இருமல்

இல்லண்ணே, மீட்பு போட்டத் திருப்பாதீங்க! எல்லாரும் மேல ஏறியாச்சுன்னு சொல்றாங்கள்ல, அது தப்பு லா. ஒரு ஆளு இன்னும் கீழ லயத்துல இருக்காரு. அந்தா, பச்சைத் தகரம் தெரியுதுல்ல, கடைசி வீடு. கோயில் தலைவர் ஜெயபாலன்.

என்னா? அவரு இங்கதான் இருக்காருன்னு சொன்னாங்களா? யாரு, நல்லம்மா அக்காவா? ஐயோ சார், தலைவர் கூப்பிட்டுத்தானே நாங்களே வந்தோம், என் காதால கேட்டேன் சார்னு மூக்கால இழுத்திருக்கும். பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. அப்படியே அக்கா குரல்தானே? என் பேரு ஷர்வின். இந்தத் தோட்டத்துல நான் பேசாத குரலே இல்ல. அதான்ணே வந்த வினை.

காலையில கோயிலத் தெறக்க வந்தேன். மேட்டுல இருந்து பாத்தா, ஆத்துத் தண்ணி செம்பனை மரத்துக்குள்ள பூந்து வருது. வீடு வீடா போன் அடிக்கிறேன், ஒருத்தரும் நம்பல. போன மாசந்தான் தண்ணி ஆபீஸ் அதிகாரி மாதிரி பேசி, நாளைக்குத் தண்ணி வராதுன்னு தொட்டி, வாளி, பானை எல்லாத்தையும் ரொப்ப வச்சேன். இப்ப தண்ணி வருதுன்னா யாரு கேப்பா? வருசா வருசம் ரெண்டாவது படி வரைக்கும் வந்துட்டுப் போயிரும்டா, போன வைடான்னுச்சு நல்லம்மா அக்கா. பக்கத்து வீட்டுப் பொண்ணு துளசி, வாசல்ல நின்னு வீடியோ எடுக்குது.

அதான் மைக்கப் போட்டேன். தலைவர் மாதிரியே ரெண்டு தட்டு, ஒரு இருமல். க்ஹ்ஹும்! அன்பான தோட்டத்துப் பெருமக்களே, இருக்கிறத இருக்கிறபடி போட்டுட்டு ஒடனே கோயில் மேட்டுக்கு வரவும். அவ்ளோதான்! கோழியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நல்லம்மா அக்காதான் மொத ஆளா ஓடி வருது. எனக்குச் சிரிப்பு தாங்கலண்ணே, சத்தியமா.

கார்த்திகேசு அண்ணன் லோரி வந்து நின்னப்பதான் சிரிப்பு போச்சு. தலைவருக்கு ஒரு கால் இல்லண்ணே. இனிப்புநீர் வியாதி, ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. கோயிலுக்கு எப்பவும் அந்த லோரியிலதான் வருவாரு. இன்னிக்கும் அப்படித்தான் ஏத்திக்கிட்டு வருவாங்கன்னு நான் இருந்தேன். எங்கண்ணே தலைவர்னு கேட்டா, என்னடா நீ, அவருதான் இங்க மைக்குல பேசுறாரே, முன்னாலயே வந்துட்டாருன்னு வீட்டத் தாண்டி வந்துட்டேன்டாங்குறாரு.

லோரியத் திருப்புறதுக்குள்ள பாதை முங்கிருச்சு. நான் நீந்திப் பாத்தேன். கார்த்திகேசு அண்ணன் முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டாரு. இந்தா, முட்டியப் பாருங்க.

துங்கு டுலு தம்பி, கொஞ்சம் பொறு, ஆர்டர் வரணும்... ஐயோ, உங்க குரல்தாண்ணே, தானா வந்துருச்சு. கோவிச்சுக்காதீங்க. வெளையாடலண்ணே. பயம் வந்தா எனக்கு இப்படித்தான், என் குரலு வராது.

தலைவருக்குப் போன் அடிச்சியாவா? அடிச்சேன், எடுத்தாருண்ணே. மேசை மேல ஏறி உக்காந்திருக்காராம். தண்ணி மேசையத் தொட்டுருச்சாம். திட்டுவாருன்னு போனக் காதுல இருந்து தள்ளி வச்சேன். திட்டல. சனங்க எல்லாம் வந்துட்டாங்களான்னு கேட்டாரு. வந்துட்டாங்கன்னேன். குரலு சரியா இருந்துச்சுடா, இருமல் மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சுன்னாரு. அதோட லைன் போச்சு.

அவரு எனக்கு என்ன வேணும்னா கேக்குறீங்க? அப்பா லா. நானும் ஏறிக்கவாண்ணே?