ஏழு மேற்படி

டெல்பின்: வால்வு முழுசாத்தான் திறந்திருக்கு, ரோச்சண்ணே. தெருமுனையில தண்ணி பாயுது. ஓடைப் பாலத்தத் தாண்டுனா ஒரு சொட்டு கெடையாது. குழாயத் திறந்தா வெறும் உஸ்ஸுதான்...

ரோச்: வரப்பப் பாத்து வாளா. உப்புப் பாத்தியில விழுந்தா, புதுக் கம்பெனி சூப்பர்வைசர் மேடம் கருவாடாயிருவிய.

டெல்பின்: கிண்டல் பண்ணுங்க. இருவத்திரெண்டு வீடு. நாப்பது நாளாச்சு.

ரோச்: எந்தத் தெருவாம்?

டெல்பின்: தெரியாத மாரி கேக்கிய. சிப்பிக்கூடத் தெரு, உங்க தெருதான். உங்க வீட்டு பிளாரன்ஸ் மைனியே முனைக்கு வந்து குடம் தூக்கிட்டுப் போறாவ.

ரோச்: ...தூக்கட்டும். தூக்குனா என்ன?

டெல்பின்: பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தோண்டிப் பாத்தாச்சு. அடைப்பும் இல்ல, ஒடைசலும் இல்ல. பாலத்த ஒட்டி சிலுவை நிக்கிற குருசடி மேட்டுல மட்டும் கை வைக்கல. யாரோ நேர்ச்சைக்குப் பூந்தொட்டி வச்சிருக்காவ. பெரிய மோட்டாரும் போட்டுப் பாத்துட்டோம்.

ரோச்: பெரிய மோட்டாரா! கிறுக்குப் பயலுவளா... ஏளா, பாலத்துக்கிட்ட குழாய் எப்படிப் போவுது?

டெல்பின்: மேல ஏறி, அந்தப் பக்கம் எறங்குது.

ரோச்: ஆங்! ஒட்டக முதுகு மாரி. நம்ம ஊர்ல தினமுமா தண்ணி வருது? மூடுன நாள்ல குழாய் வடிஞ்சு காத்து நொழஞ்சிரும். மறுபடி திறந்தா தண்ணி அந்தக் காத்தத் தள்ளிக்கிட்டே வரும். காத்து எங்க போவும்? மேட்டுல ஏறி உக்காந்துக்கிடும். தண்ணி கீழ நின்னு முட்டும், முட்டும்... அது நவுராது. அழகாருக்கும் பாத்துக்க, அந்த வேல!

டெல்பின்: அப்ப அந்தக் காத்த எப்படி வெளிய...

ரோச்: எனக்கென்ன தெரியும்? நான் ஹெல்பர்லா.

டெல்பின்: அண்ணே...

ரோச்: உங்க புது ஆபீசுல அப்படித்தான் சொன்னாவ. காண்டிராக்ட் கைமாறுனாலும் வால்வு, மோட்டார் வேலை தெரிஞ்சவங்கள வெளிய அனுப்பக்கூடாதாம், டெண்டர்லயே இருக்காம். ஹெல்பருக்கு அது கெடையாதாம். பன்னெண்டு வருசமா வால்வு திறந்தவன் ஹெல்பரு! நேசக்குமாரு மோட்டாரப் பிரிச்சு மாட்டுவான்... இப்ப மீன் எறங்குற துறையில ஐஸ் ஒடைக்கான்.

டெல்பின்: பாத்தேன்.

ரோச்: எட்டுப் பேருக்கு வேலை போச்சு. பழைய காண்டிராக்டர் பண்ணுன வேல. எங்க மேல அவனுக்கு என்ன பகையோ.

டெல்பின்: அவர் இல்ல.

ரோச்: பின்ன?

டெல்பின்: அவர் ஆபீசுல ஆளுங்க பதிவேடு யாரு எழுதுனா?

ரோச்: நீதான எழுதுவ... ஏளா...

டெல்பின்: மொதப் பேரு ஆக்னஸ் அக்கா. மோட்டார் ரூம் கூட்டுறவங்க. வேலைங்கிற எடத்துல ஹெல்பர்னு எழுதுனேன். கீழ உங்க ஏழு பேருக்கும்... மேற்படி, மேற்படின்னு போட்டுட்டே போயிட்டேன். மாசாமாசம் அப்படித்தான். எவன் பாக்கப் போறான்னு...

ரோச்: பாத்துட்டான்.

டெல்பின்: கைமாறும்போது அதத்தான் ஆதாரமா எடுத்துக்கிட்டாவ.

ரோச்: நகராட்சி கமிஷனர் ஆபீஸ் வாசல்ல எங்களோட நீயும் நின்னியேளா. எங்கள விடச் சத்தமா அந்தக் காண்டிராக்டரத் திட்டுனியே!

டெல்பின்: திட்டுனேன். பயம்ணே. வாயத் திறந்தா எனக்கும் வேலை இல்லன்னு... அதான் இத்தன நாளா உங்ககிட்டயும் வரல.

ரோச்: இப்ப பயம் போயிருச்சாக்கும்.

டெல்பின்: போவல. கமிஷனருக்குக் கடுதாசி எழுதிட்டேன். தப்பு என்னோடதுன்னு கையெழுத்தும் போட்டாச்சு. ஒவ்வொருத்தரும் நெசமா என்ன வேலை பாத்தாவன்னு எழுதணும். மத்தவங்ககிட்ட கேட்டு முடிச்சிட்டேன். உங்க வரி மட்டும் காலியாக் கெடக்கு.

ரோச்: ஆட்சேபணை குடுக்கக் கெடு இருந்துச்சே?

டெல்பின்: போன வாரத்தோட முடிஞ்சு போச்சு. மனசு வச்சு எடுத்துக்கிட்டா உண்டு. இல்லன்னா... உங்க எட்டுப் பேரோட ஒம்பதாவதா நானும்.

ரோச்: இப்ப நீ தண்ணிக்கு வந்தியா, கடுதாசிக்கு வந்தியா?

டெல்பின்: ரெண்டுக்கும்தான். இனி பொய் சொல்ல மாட்டேன்.

ரோச்: ம்... நாப்பது நாளுக்கு முந்தி வந்திருக்கலாம்ளா.

டெல்பின்: வந்திருக்கணும்.

ரோச்: பேனாவ நீயே பிடி. என் கையெல்லாம் உப்பு.

டெல்பின்: சொல்லுங்க. பேரு ரோச். வேலை?

ரோச்: மேற்படி போட்டுறாத.

டெல்பின்: அண்ணே...

ரோச்: எழுது. வால்வு திறக்கிறது, பாலத்து மேட்டுல காத்து விடுறது. குருசடி மேட்டுல பூந்தொட்டின்னியே, அது நேர்ச்சை இல்ல. எங்கள அனுப்புன அன்னைக்கு நாந்தான் கொண்டு வச்சேன். அத எவனும் தொடமாட்டான்னு தெரியும். பிளாரன்ஸ் குடத்த எறக்கி வைக்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு... சொல்லல. தொட்டிய நவுத்து, அடியில இரும்பு மூடி இருக்கும். அதத் தூக்குனா ஒரு சின்னத் திருகு. வால்வத் திறந்த கையோட அத இடப்பக்கமா ரெண்டு சுத்து சுத்து. உஸ்ஸு நின்னு தண்ணி பீச்சுனதும் மூடிரு. கடைசி வீடு வரைக்கும் தண்ணி போயிரும்.