சம்பந்தியைச் சொறிய வைத்த சால்வை

தலைமை தாங்கும் மேலகரம் கம்பளி நெசவுச் சங்கத் தலைவி ரெங்கம்மாள் ஆச்சி அவர்களே! சாரலுக்கு ஒதுங்கிய இடத்தில் சொற்பொழிவில் மாட்டிக்கொண்ட சான்றோர்களே! மடியில் மழலையும் கையில் மிளகாய் பஜ்ஜியுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! சங்கச் செயலாளர் செண்பகவல்லியின் வணக்கம்!

கம்பளி வாங்க வந்தால் எதைக் கேட்கிறீர்கள்? நிறத்தைக் கேட்கிறீர்கள், நீளத்தைக் கேட்கிறீர்கள். இழையைக் கேட்டதுண்டா? கேட்காததால் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது!

நம் சங்கத்தில் நூல் நூற்கும் நிர்மலாதேவிக்குத் தென்காசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தந்தை சிவனணைந்தபெருமாள், ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பெண் வீட்டார் எங்கோ வாங்கிய கம்பளிச் சால்வையை அவருக்குப் போர்த்தினார்கள். நெளிந்தார், சொறிந்தார், எழுந்தார், எரிந்தார்!

"இது சால்வையா, செந்தட்டிச் செடியா? கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதீயளா?"

தட்டு மாற்றவில்லை. வேனைக் கிளப்பச் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய் கண்ணைக் கசக்குகிறாள். சிரிக்காதீர்கள் முன்வரிசை, அன்று யாரும் சிரிக்கவில்லை!

மணப்பெண்ணே எழுந்தாள்.

"மாமா, குத்துதது நாங்க இல்ல, ஆட்டு முடி. தடிச்ச முடி வளையாது, முனை குத்தத்தான் செய்யும். இங்கன பாருங்க, இது நான் நூத்தது. மெல்லிசா, நீளமா உள்ள இழை. தொட்டா வளைஞ்சு குடுக்கும்."

தன் சால்வையை நீட்டினாள். தடயத்தைத் தொடுவதுபோல் ஒற்றை விரலால் தொட்டார். கன்னத்தில் வைத்தார். தட்டு மாறியது!

மாலையில் அதைப் போர்த்திக்கொண்டே குற்றாலம் போனார். சாரல் நனைத்தது. சுருள் சுருளான இழைகள் காற்றைச் சிறைபிடித்திருக்க, ஈரத்தைக் குடித்தும் சூட்டை விடவில்லை கம்பளி. கம்பளியை விடவில்லை அவர்!

அடுத்த வாரம் போனில் முழங்கினார்.

"ஏட்டி, உன் சால்வை கைக்குட்டையாயிட்டு!"

"எப்படித் துவைச்சிய மாமா?"

"கொதிக்கக் கொதிக்க வெந்நீரு. கல்லுல நல்லா அடிச்சேன்."

கம்பளி இழைமேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டு அடித்தால் ஒன்றையொன்று கவ்வும், கவ்வினால் பிரியாது. இதை அவள் விளக்கினாளா? இல்லை!

"மாமா, அப்படி அடிச்சா யாரா இருந்தாலும் சுருங்கத்தான் செய்வாங்க. இது என்ன உங்க ஸ்டேஷனா?"

பக்கத்தில் நின்ற நான் தலையில் கை வைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு! அப்புறம் பாறையிலிருந்து அருவி குதித்ததுபோல் ஒரு சிரிப்பு.

"வாயாடிதான் நீ! ஆவணியிலேயே கல்யாணத்த வச்சிருவோம். இந்த வீட்டுல என்னைய எதுத்துக் கேக்க ஆள் வேணும்லா!"

ஆகவே அன்பர்களே! தடித்ததைத் தரையில் விரியுங்கள், மெல்லியதை மேனியில் அணியுங்கள், குளிர்ந்த நீரில் குழந்தையைப்போல் அலசுங்கள்! வளைந்து கொடுக்கும் இழைக்கும் வலு உண்டு. அதை அடித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா?

பஜ்ஜி ஆறியும் பொறுத்திருந்த பெருமக்களுக்கு நன்றி! வணக்கம்!