பெஞ்சில் இருந்த வாடிக்கையாளர்

என் பெயர் ரெபேக்காள், வயது 71. கணவர் காலஞ்சென்ற தாசையன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். தற்போது அமீரகத்தின் அஜ்மானில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மகள் ஜிஷாவின் வீட்டில், அவள் எடுத்த விசாவில் குடியிருந்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு படித்திருக்கிறேன். நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் முகம்மது ஆசிக் எழுதுகிறார்.

2012-ல் என் வளையல்களை விற்று நான்கு மெஷின் வாங்கி, நர்ஸ் யூனிஃபார்ம் தைக்கும் கடை போட்டேன். என் விசாவில் தொழில் செய்யக்கூடாது என்பதால், என் கணவரின் தம்பி ஞானையா பெயரில் லைசென்ஸ் எடுத்தோம். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் நான் மெஷினை விட்டு எழுந்து, மடியில் ஒரு துணியோடு வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அப்படி மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் முறை 2013 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஞானையா, "மைனி, யல்லா, சீக்கிரம் பெஞ்சில போயி இரியுங்க" என்றான். பிறகு சோதனைக்கு வந்தவரிடம், இந்தக் கிழவி எப்போதும் பேரம்தான் பேசுவாள் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். எனக்கு இந்தி புரியாது என்று நினைத்தான்.

சில வருடம் கழித்து ஜிஷா, "அம்மா, இப்ப சட்டம் மாறியாச்சு. விசாவ மாத்தி ஒங்க பேர்லயே லைசென்ஸ் எடுக்கலாம்" என்றாள். "குடும்பத்துக்குள்ள எதுக்குட்டி பேப்பர்" என்று நான்தான் தடுத்தேன். சட்டத்தின் கண்ணில் படாமல் இருப்பதையே சுதந்திரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கடை திறக்க, விலை சொல்ல, விடுப்பு எடுக்க, எல்லாவற்றுக்கும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் கடைக்குப் போனபோது வேறு பூட்டு தொங்கியது. கேட்டதற்கு ஞானையா, "நீங்க கஸ்டமர்தான மைனி? பேப்பர்ல அப்பிடித்தான இருக்கு. கலாஸ், முடிஞ்சுது" என்றான். அதன்பிறகு நான் கொடுத்த புகாரின் விசாரணையில் மூன்று சோதனை அறிக்கைகளையும் காட்டினான். மூன்றிலும், வயதான வாடிக்கையாளர் ஒருவர் பெஞ்சில் இருந்தார் என்றே இருக்கிறது.

கடை எனக்குத் திரும்ப வேண்டும். நான் நடித்ததை ஒப்புக்கொண்டால் எனக்கும் தண்டனை வரலாம் என்று விசாரணை அதிகாரி எச்சரித்தார். வரட்டும். மூன்று முறையும் பெஞ்சில் இருந்தது வாடிக்கையாளர் அல்ல, கடைக்காரி என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை ஆசிக் இரண்டு தடவை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) ரெபேக்காள்