பழம் பிடித்த கை

உங்கள் படிவத்தின் முதல் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'இதற்கு முன் வீடியோ கேம் ஆடிய பழக்கம் உண்டா? முதன்முதலில் ஆடியது எப்போது, என்ன ஆட்டம்?' மருத்துவமனை விசாரணையில் இப்படியொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் அடங்காது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. டிவியோடு மாட்டும் ஒரு கறுப்புப் பெட்டியை அப்பா வாங்கி வந்தார். வயர் வைத்த ரிமோட் இரண்டு, ஆட்டம் ஒன்று. திரையின் மேலிருந்து சரக்குப் பெட்டிகள் விழும். கீழே சிவப்பு லாரி ஒன்று, நீல லாரி ஒன்று. இடமும் வலமும் ஓட்டி, பெட்டி தரையில் விழாமல் பிடிக்க வேண்டும். சிவப்பு அப்பாவுடையது, நீலம் என்னுடையது. ஆடுவதற்கு ஆளில்லை என்றால் நீல லாரியை அந்தக் கறுப்புப் பெட்டியே ஓட்டிக்கொள்ளும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பா பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. டாக்டர்கள் அனுப்பிய வாய் அச்சுகள் மேசை முழுக்கப் பிளந்து கிடக்கும். ஈறுக்கான ரோஸ் நிற மாவு, மெழுகு, சின்னச் சின்ன அரங்கள். உடைந்த பழைய செட்டுகளும் ஒட்ட வரும், பெரும்பாலும் கழுவாமல், பல்லிடுக்கில் சோற்றுப் பருக்கையோடு. அதைத் தொட்ட கையோடு எழுந்து வந்து ரிமோட்டை எடுப்பார். பொத்தான் வழுக்காமலிருக்கப் பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். யார் வாயிலோ கிடந்தது அவர் விரலுக்கு, அங்கிருந்து அவர் நாக்குக்கு, மறுபடி விரலுக்கு. ஜெயித்தால் அந்த விரலாலேயே என் கன்னத்தைக் கிள்ளுவார். சட்டைக் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொள்வேன். ஆனால் பக்கத்திலிருந்து எழுந்து போக மாட்டேன், ஆட்டம் நின்றுவிடும் என்ற பயம்.

நீல லாரி நான் சொன்னபடி கேட்காது. இடது பொத்தானை அழுத்தினால் சில சமயம் வலப்பக்கம் போகும். எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினேன். பள்ளிக்கூடத்தில் பென்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பழகினேன். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் மாமா குடும்பத்தோடு வந்திருந்தபோது அப்பா எல்லோரையும் டிவி முன்னால் கூப்பிட்டார்.

"மச்சான், நம்ம டிரைவரப் பாரு. ஒரு வருஷமா லாரி ஓட்டுறான்," என்று சொல்லி, என் ரிமோட்டின் வயரை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தார். நுனி எதிலும் மாட்டியிருக்கவில்லை.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "ஏன்யா புள்ளைய இப்பிடி ஏமாத்துற?"

"மாட்டிவிட்டா வந்து என் லாரிய இடிப்பான். இப்பிடி இருந்தா அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு முன்பே தெரியுமாம். நானும் சிரித்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அப்பா வயரை மாட்டிவிட்டு, "வாடா, நெசமா ஓட்டு" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், நான் முதலில் ஆடிய வீடியோ கேமை நான் ஆடவே இல்லை என்பதுதான்.

பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டான் என்று யாராவது எழுதினால் அது தவறு. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு விளையாட்டுச் சமாச்சாரத்தை மனதில் வைத்துக்கொண்டு கறுவுகிற ஆள் நான் இல்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க லென்ஸ் துடைத்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. ஒரு விரல் ரேகை படிந்தாலும் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். எனக்குச் சுத்தம் முக்கியம், அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் போயின. அம்மா இல்லை, அக்கா வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள நான்தான். கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டினேன், பிசைந்த சோற்றை ஊட்டினேன். பாதிச் சோறு கடைவாய் வழியாக எச்சிலோடு வழிந்து கழுத்து மடிப்பில் தங்கும். துடைத்துவிட்டு வந்து சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவுவேன். முகம் சுளித்ததை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் உங்கள் பிசியோதெரபி அம்மா அந்தக் கருவியோடு வந்தார். ரப்பர் பிடி இரண்டு, ஒன்று செயலிழந்த கைக்கு, மற்றது நல்ல கையை அளந்து ஒப்பிட. பிடியை அமுக்கினால் டிவித் திரையில் கூடை ஒரு பக்கம் நகரும், விரலை விரித்தால் மறுபக்கம். மேலிருந்து பழங்கள் விழும். பிடிகளில் வயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

"தம்பி, தினமும் நாப்பது நிமிஷம் ஐயாவே ஆடணும். ஸ்கோர் தானா எங்களுக்கு வந்துடும். காலையும் சாயந்தரமும் விரல் ஒவ்வொண்ணையும் நீவிப் பிரிச்சு விடுங்க. இந்த மூணு மாசந்தான். விட்டுட்டா கை மடங்கிப் பூட்டிக்கும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

அப்பா இடது கையால் முன்னறையைக் காட்டினார். பட்டறையில் பாதி ராவிய செட் ஒன்று கிடந்தது. "அரம்," என்றார். அந்தச் சொல்லை முடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

"புடிக்கலாங்கய்யா. தெனம் ஆடுங்க, கண்டிப்பா புடிக்கலாம்," என்றார் அந்த அம்மா.

முதல் நாள் ஒரு பழம்கூட இல்லை. நான்காம் நாள் மூன்று. அப்பா நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஆடுவார், அதன் நுனியிலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் பிடியின் மேல் விழும். பிடி வழுக்கினால், இடது கையால் வலது பெருவிரலைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய் நக்கி, மறுபடி அதன் இடத்தில் வைப்பார். எல்லாம் மறந்துபோன மனுஷனுக்கு இது மட்டும் மறக்கவில்லை. ஒன்பதாம் நாள் பதினொரு பழம் பிடித்தார். பெருவிரல் தானாக அசைந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அவர் அழுதார். அழுதுகொண்டே அந்த வலது கையை மடியிலிருந்து ஒரு சாண் தூக்கினார். அது நடுங்கிக்கொண்டே வந்து என் கன்னத்தைத் தொட்டது. கிள்ளப் பார்த்தது. ஈரமாக இருந்தது.

குளியலறைக்குப் போய் முகத்தை உரசி உரசிக் கழுவினேன். அந்தக் கை செத்துக் கிடந்த வாரங்களில்தான் அது அவர் உடம்பிலேயே சுத்தமாக இருந்தது. நகம் வெட்டி, பவுடர் போட்டு, தலையணைமேல் வைத்தால் வைத்த இடத்தில் இருந்தது. அது திரும்பி வர வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் அப்பாவிடம் ஆஃப் செய்து வைத்த பிடியைக் கொடுத்தேன். வேலை செய்யும் பிடியை நோயாளியின் பிடி என்று கருவியில் மாற்றிப் பதிந்து, என் மடியில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இது மட்டும்தான் நான் செய்தது. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

ஒரேயடியாக நூறு பழம் பிடித்தால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். பன்னிரண்டு, பத்து, பதினான்கு. ஒரு நாள் ஏற்றம், மறுநாள் கொஞ்சம் சறுக்கல். தேறிவரும் கை எப்படித் தடுமாறும் என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணித்து, கைக்கெட்டும் பழங்களைக் கீழே விட்டேன். எட்டிப் பிடிப்பதைவிட அது கஷ்டமான வேலை. பிசியோ அம்மா போனில் பாராட்டினார். நேரில் வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். சுகமாகி வருகிறவர் வீட்டுக்கு வருவானேன், வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள். அக்கா போனில் அழுதாள். "நீ மட்டும் இல்லன்னா அப்பா என்னாயிருப்பாரு," என்றாள்.

அப்பா சந்தோஷமாக இருந்தார், அதையும் எழுத வேண்டும். முதல் சில நாள் முகம் சிவக்க அமுக்கினார். அமுக்காவிட்டாலும் கூடை ஓடுவதைப் பார்த்த பிறகு, கை தன்னால் வேலை செய்கிறது என்று நம்பி, பிடியின் மேல் அதைச் சும்மா போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "வருது," என்பார். நான் "ஆமாப்பா, வருது," என்பேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. விரல்களை நீவி விடுவதை நிறுத்திவிட்டேன். தொட வேண்டாம் என்றுதானே இதையெல்லாம் ஆரம்பித்தேன்.

கை உள்ளுக்குள் மடங்க ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு ஒவ்வொன்றாக. முழுதாக மூடிக்கொண்டதும் பிடியை அதன் மேல் சாய்த்து வைத்து, இன்னொரு துண்டால் மூடினேன். அப்பா துண்டைப் பார்க்கவில்லை, பழங்களைத்தான் பார்த்தார். நகம் வளர்ந்தது. கடைசி மூன்று வாரம் அந்தக் கையிலிருந்து பழைய ஈரத்துணி வாடை வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

மூன்று மாதம் முடிந்து பிசியோ அம்மா சோதிக்க வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. பட்டறை மேசையிலிருந்து அரத்தை அவரே எடுத்துவந்து, "புடிங்கய்யா பாப்போம்," என்றார். துண்டை விலக்கியதும் வாடை அடித்து ஒரு அடி பின்னால் போனார். பிறகு உட்கார்ந்து விரல்களை நிமிர்த்தப் பார்த்தார். அப்பா வலியில் முனகினார். நான்கு நகமும் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன, சீழ் வடிந்தது. அப்போதும் அப்பா இடது கையால் டிவியைக் காட்டி, "ஸ்கோர்... ஸ்கோர்," என்று அவரைச் சமாதானப்படுத்தினார்.

"இந்தக் கையா தம்பி நேத்து அறுபத்திரண்டு புடிச்சுது?" என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

நான் எதையும் மறைக்கவில்லை. நான் மடியில் மறைத்து ஆடிய பிடியை எடுத்து மேசைமேல் வைத்தேன். உங்கள் அறிக்கையில் 'பக்கவாதத்தின் விளைவாக வலது கை நிரந்தரமாகச் செயலிழந்தது' என்று எழுதியிருப்பது சரியில்லை. அது தேறிக்கொண்டிருந்த கை. பதினொரு பழம் பிடித்த கை. அதை இல்லாமல் செய்தது நான். தெரிந்தே செய்தேன், காரணம் அருவருப்பு. இதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

இரண்டு விஷயங்கள் பாக்கி. கருவியின் பதிவில், அப்பா தூங்கும் மதிய நேரங்களில் தினமும் மூன்று நான்கு மணி நேரம் வேறொரு பெயரில் ஆட்டம் நடந்திருப்பதாகவும், அதில் ஆயிரத்து நானூறு பழம் வரை போயிருப்பதாகவும் சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் பயிற்சி. நன்றாக ஆடத் தெரிந்தவனால்தான் மோசமாக ஆட முடியும்.

இன்னொன்று அப்பாவின் வாக்குமூலம். என்மேல் புகார் கொடுக்கிறாரா என்று கேட்க நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். நானும் அறையில் இருந்தேன். நடந்ததை அந்த ஆள் இரண்டு முறை விளக்கினார். அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது, கட்டுப்போட்ட கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, எச்சில் ஒழுக ஒழுக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"விடுங்க. அவனுக்கு... ஆட... ஆசை. சின்ன... புள்ளைல. நான்... ஆட விடல."

அந்த ஆள் இதை அப்படியே எழுதிக்கொண்டார். அதை நீக்கிவிடச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதினேன். மற்ற எதற்கு வேண்டுமானாலும் தண்டனை கொடுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அப்பாவுக்கு மூளை சரியில்லை. எனக்கு ஆட ஆசை ஒரு நாளும் இருந்ததில்லை.