கை படாத தண்ணி

ஜெயசுதா: இன்னா டீச்சர், ஆள் வுட்டு கூப்ட்டீங்க? எம் பொண்ணு யாரையாச்சும் கடிச்சி வச்சிட்டாளா?

ராணியம்மாள்: அய்ய, அதெல்லாம் இல்ல. உக்காரு ஜெயசுதா.

ஜெயசுதா: கொல்லையில கரும்பு லோடு ஏத்திக்கினு இருக்காங்க டீச்சர்...

ராணியம்மாள்: செவ்வந்தி நாலு நாளா அங்கன்வாடிக்கு வர்ல.

ஜெயசுதா: எங்க கொல்லையில கரும்பு வெட்டுறாங்களே, கல்வராயன் மலைக்காரங்க... அவங்க பொண்ணா? காய்ச்சலா?

ராணியம்மாள்: இல்ல. உம் பொண்ணாலதான்.

ஜெயசுதா: தர்ஷினியா! நாலு வயசு டீச்சர் அதுக்கு. ரெண்டும் ஒண்ணா சொப்பு வச்சி...

ராணியம்மாள்: அதுலதான். விருந்து வெளையாட்டு. எல்லாருக்கும் டம்ளர்ல தண்ணி மொண்டு கையில குடுத்தா. செவ்வந்திக்கு மட்டும்...

ஜெயசுதா: குடுக்கலியா?

ராணியம்மாள்: குடுத்தா. சொம்ப மேல தூக்கி, கையில ஊத்தினா. படாம.

ஜெயசுதா: ரெண்டும் சண்ட போட்டுச்சுங்களா?

ராணியம்மாள்: சண்ட இல்ல, திட்டு இல்ல. சிரிச்சிக்கினேதான் ஊத்தினா.

ஜெயசுதா: சத்தியமா சொல்றேன் டீச்சர், எங்க வூட்ல அவங்கள ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல.

ராணியம்மாள்: பேசியிருக்க மாட்டீங்க.

ஜெயசுதா: டிவியில எதனா பாத்திருப்பா...

ராணியம்மாள்: எந்த டிவியிலம்மா அப்பிடி ஊத்துறாங்க?

ஜெயசுதா: ... எங்க மாமியாதான். கரும்பு வெட்ட வர்றவங்க தண்ணி கேட்டா, அப்பிடித்தான் ஊத்துவாங்க...

ராணியம்மாள்: மாமியா மட்டுமா?

ஜெயசுதா: ... நானும்தான். இவள இடுப்புல வச்சிக்கினே ஊத்தியிருக்கேன்.

ராணியம்மாள்: ம்.

ஜெயசுதா: அந்தப் புள்ள அழுதுச்சா?

ராணியம்மாள்: அழுதிருந்தாகூட பரவால்ல. குனிஞ்சி, ரெண்டு கையும் குவிச்சி வாய்கிட்ட வச்சிக்கினா. யாரும் சொல்லித் தர்ல.

ஜெயசுதா: அய்யோ...

ராணியம்மாள்: இந்தா, கண்ண தொடச்சிக்க.

ஜெயசுதா: இன்னிக்கே செவ்வந்தியோட அம்மா செல்லியம்மாவ வூட்டுக்கு கூப்புடுறேன். உள்ள உக்கார வச்சி, நாங்க குடிக்கிற டம்ளர்லயே டீ...

ராணியம்மாள்: ஒரு நாள் போதாது. தெனமும் குடு. தர்ஷினி பாக்கட்டும்.

ஜெயசுதா: மாமியா கத்துவாங்க.

ராணியம்மாள்: அதையும் பாக்கட்டும்.

ஜெயசுதா: சரி... ஆனா டீச்சர், செல்லியம்மா கொல்லையிலதான இருந்தா? அவளுக்கு எப்பிடி தெரிஞ்சிது? செவ்வந்தி சொன்னாளா?

ராணியம்மாள்: அதுக்கு இன்னா தெரியும், சொல்ல...

ஜெயசுதா: அப்ப யாரு?

ராணியம்மாள்: நான்தான். அவ ஊத்த இவ குடிக்க, ரெண்டும் அழகா வெளையாடுதுங்கன்னு போன்ல படம் எடுத்து, கூட்டிக்கினு போக வந்த செல்லியம்மாகிட்ட நானே சிரிச்சிக்கினு காட்டினேன். அவ ஒண்ணும் பேசாம புள்ளைய தூக்கிக்கினு போனா... அப்பகூட எனுக்குப் புரியல ஜெயசுதா.